நடுவர் கரகரப்பு கேட்கிறார், ரசிகர் தொண்டையை விசாரிக்கிறார்: யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

வாசகியின் கடிதம்

எழுதியிருப்பவர் சென்னையில் வசிக்கும் 27 வயதுப் பெண். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி) பாடி வளர்ந்தவர். இப்போது கால் சென்டரில் இரவு ஷிஃப்ட். தன் சம்பளத்தில் ஸ்டுடியோ எடுத்து, தானே எழுதி மெட்டமைத்த மூன்று சோல் (soul, அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த இசை வகை) பாடல்களை வெளியிட்டிருக்கிறார். இரண்டு தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். சுயாதீனப் பாடகர்களுக்கான போட்டி ஒன்றுக்கு மூன்றையும் அனுப்பி, இறுதிச் சுற்றுக்கும் தேர்வாகிவிட்டார். இன்னும் மூன்று வாரத்தில் மேடையில் நேரடியாகப் பாட வேண்டும்.

நடுவர்கள் மூவரும் குறிப்பு எழுதித் தந்திருக்கிறார்கள். முதலாமவர்: “சுருதி சுத்தம், தாளமும் சரி. ஆனால் சோல் இல்லை. குரலில் கரகரப்பு வேண்டும்.” இரண்டாமவர்: “ஒவ்வொரு வரியின் முடிவிலும் சங்கதி (சுர அலங்காரம்) போடுகிறீர்கள், வார்த்தை காணாமல் போகிறது.” மூன்றாமவர்: “மூன்றாவது பாடலின் சுருதி உங்களுக்கு உயரம், குறைத்துப் பாருங்கள்.”

வாசகி மனதில் தைத்தது முதல் குறிப்புதான். இணையத்தில் கிடைத்த பயிற்சிகளைப் பார்த்து இரண்டு மாதமாக அடித்தொண்டையை இறுக்கிப் பாடிப் பழகியிருக்கிறார். மூன்றாவது பாடலைக் கரகரப்போடு மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். அதைக் கேட்டவர்களில் ஒருவர், “அக்கா, தொண்டை சரியில்லையா?” என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், “மூச்சு வாங்குற மாதிரி இருக்கு” என்றாராம். ஆனால் கிட்டார் மட்டும் வைத்து மெதுவாகப் பாடிய முதல் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். “சோல் தெரியாதவர்களுக்கு மெதுவான பாட்டுதானே பிடிக்கும்” என்று வாசகி அதை ஒதுக்கிவிட்டார்.

ஐந்து வாரமாகக் குரல் கட்டியிருக்கிறது. “சாதாரணமாகப் பேசும்போதே கரகரப்பு வந்துவிட்டது. சோல் குரல் வந்துவிட்டதென்று முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் பத்து நாளாக மேலே எட்ட முடியவில்லை, பாதியில் குரல் காற்றாகப் போகிறது” என்கிறார். அவர் கேட்பவை: நடுவரை நம்புவதா, கேட்டவர்களை நம்புவதா? கறுப்பினப் பாடகர்களுக்கு இயற்கையாக அமைந்த அந்தக் குரல் நமக்கு வரவே வராதா? இறுதிச் சுற்றுக்கு முன் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்கிறாள் தோழி, போடலாமா? டாக்டரிடம் போனால் ஆபரேஷன் என்பார்களோ?

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஐந்து வாரமாக இருக்கும் இந்தக் கரகரப்பை உங்கள் பாணி என்று எண்ணி வைத்துக்கொள்ளாதீர்கள். சளியோடு வரும் தொண்டைக்கட்டு வழக்கமாக ஓரிரு வாரத்தில் விலகிவிடும். நான்கு வாரம் ஆகியும் குரல் தெளியவில்லை என்றால் குரல்வளைக்குள் பார்த்தே ஆக வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். பாடுகிறவர்களையும் பள்ளி ஆசிரியர்களையும் அவ்வளவு நாள்கூட மருத்துவர்களான நாங்கள் காத்திருக்கச் சொல்வதில்லை. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். இந்த வாரத்திலேயே காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்.

மேடையில் வேண்டும்போது வந்து, பாட்டு முடிந்ததும் போய்விடும் கரகரப்பைப் பாணி என்று சொல்லலாம். உங்களுக்கு வந்திருப்பது காலையில் அம்மாவிடம் போனில் பேசும்போதும் கூடவே இருக்கிறது. மேல் ஸ்தாயியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இது குரல் நாண்களில் (குரல்வளைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு மடிப்புகளில்) ஏதோ வீங்கியிருக்கிறது, அல்லது தடித்திருக்கிறது என்பதற்கான அறிகுறி. பயப்பட வைப்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் வயதில், இத்தகைய பயிற்சிக்குப் பிறகு வரும் மாற்றங்களில் பெரும்பாலானவை சரியாகக்கூடியவை. ஆனால் எது என்று பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

நடுவர் சொன்னதும் கேட்டவர்கள் சொன்னதும்

என்னிடம் வரும் நோயாளி, “டாக்டர், எனக்குத் தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது” என்றால் அதை நான் முழுதாக நம்புவேன். “அதனால் எனக்கு இந்த ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுங்கள்” என்றால் அதைத் தனியாக யோசிப்பேன். உணர்ந்ததைச் சொல்வது ஒன்று, மருந்து சொல்வது வேறொன்று. பாட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கருத்திலும் இவை இரண்டும் கலந்தே வருகின்றன. உங்கள் நடுவரின் குறிப்பை இப்படிப் பிரித்துப் பாருங்கள். “சோல் இல்லை” என்பது அவர் உணர்ந்தது. பாட்டு அவரைத் தொடவில்லை. அது அவருடைய அனுபவம், அதை மறுக்க வேண்டியதில்லை. “கரகரப்பு வேண்டும்” என்பது அவர் எழுதிய மருந்துச் சீட்டு. உங்கள் குரல் நாண்களை அவர் பார்த்ததில்லை. எந்த ஷிஃப்டில் வேலை செய்கிறீர்கள் என்றும் அவருக்குத் தெரியாது. நீங்கள் அந்த உணர்வை யோசிக்காமல் விட்டுவிட்டு, மருந்தை மட்டும் முழு டோஸில் விழுங்கியிருக்கிறீர்கள்.

“அக்கா, தொண்டை சரியில்லையா?” என்று கேட்டவர் மருந்து எதுவும் சொல்லவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார். அதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டீர்கள். என்னைக் கேட்டால், உங்களுக்கு வந்த அத்தனை கருத்திலும் மிகச் சரியானது அதுதான். இசை படிக்காத ஒருவரின் காது, உங்கள் குரலில் வலி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. “மூச்சு வாங்குகிறது” என்பதும் அப்படித்தான். குரல் நாண்கள் இரண்டும் முழுதாக ஒட்டி மூடாதபோது இடையே காற்று கசியும். கசிந்தால் ஒரு வரி பாட அதிக மூச்சு செலவாகும். அந்தக் கசிவைத்தான் அவர் கேட்டிருக்கிறார்.

மூன்றாவது நடுவர் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது. நீங்கள் அனுப்பிய பதிவுகளைக் கேட்டேன். முதல் பாடலில் நீங்கள் அதிகம் நிற்கும் சுரத்தில் குரல் நாண்கள் நொடிக்குச் சுமார் 220 முறை மோதிக்கொள்கின்றன. மூன்றாவது பாடலின் பல்லவி உச்சியில் அதே நாண்கள் நொடிக்குச் சுமார் 590 முறை மோத வேண்டும், அதுவும் உரத்த குரலில். பெண்களின் குரல் நாண் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் சின்ன உறுப்பு. ஆல்ட்டோ பாடி வளர்ந்த உங்கள் குரல் இயல்பாக நிற்கும் இடம் கீழே இருக்கிறது. அந்த உயரத்தில் நின்றுகொண்டு, மேலே தொண்டையையும் இறுக்கியிருக்கிறீர்கள். ஆக, மூன்றாவது நடுவரும் இணையத்தில் கேட்ட இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே இடத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் ரசனை ஒருவரோடு போகும். ஆனால் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே பாடலின் ஒரே இடத்தைச் சொன்னால், அங்கே ஏதோ இருக்கிறது.

இரண்டாம் நடுவரின் குறிப்பு மருத்துவத்தில் சேராது. ஒரு ரசிகனாக மட்டும் சொல்கிறேன், அவர் சொன்னது எனக்கும் தோன்றியது. முதல் பாடலில் சங்கதி மிகக் குறைவு. அந்தப் பாட்டைத்தானே மக்கள் திரும்பக் கேட்கிறார்கள்?

கரகரப்பு இல்லாமல் சோல் இல்லையா?

சோல் இசை 1950களில் அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களின் காஸ்பல் என்ற பக்திப் பாட்டிலிருந்தும் ரிதம் அண்டு புளூஸ் என்ற இசை வகையிலிருந்தும் பிறந்தது. பிரசங்கம் உச்சத்துக்குப் போகும்போது போதகரின் குரல் உடைவதும், சபை பதில் குரல் கொடுப்பதும் அந்தப் பாட்டுக்குள் வந்தன. ஜேம்ஸ் பிரவுன், வில்சன் பிக்கெட் போன்றவர்களிடம் நீங்கள் கேட்கும் கரகரப்புக்கு அந்த மரபுதான் வேர். ஆனால் அதே மரபில்தான் ஸ்மோக்கி ராபின்சன் இருக்கிறார், கர்டிஸ் மேஃபீல்ட் இருக்கிறார். இருவருமே இயல்பான குரலுக்கு மேலே எழும் மெல்லிய பொய்க்குரலில் (falsetto) பாடியவர்கள். பில் விதர்ஸ் ஏறக்குறையப் பேசுகிற மாதிரி, அலங்காரமே இல்லாமல் பாடினார். ரொபர்ட்டா ஃப்ளாக் குரலை உயர்த்தாமலே பெரிய அரங்குகளை அடக்கியவர். இவர்கள் எல்லோரும் சோல் பாடகர்களாகவே அறியப்படுகிறார்கள்.

குரல்வளையில் சோலுக்கென்று தனியாக ஒரு தசை கிடையாது. கறுப்பினக் குழந்தைகள் அதைத் தேவாலயத்தில், வாரா வாரம், பெரியவர்கள் பக்கத்தில் நின்று கற்றார்கள். அரீத்தா ஃபிராங்க்ளின் டெட்ராய்ட்டில் தன் தந்தை போதகராக இருந்த பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடிப் பழகியவர். அந்த வரலாற்றை மதித்துக் கற்க வேண்டும் என்பது சரி. பிறவியிலேயே வர வேண்டும் என்பது சரியல்ல. நீங்களும் சபையில் நின்று பாடக் கற்றவர்தான். உங்கள் ஊர்க் கீர்த்தனையில் உங்களுக்குக் கிடைத்த உருக்கத்தை விட்டுவிட்டு இன்னொருவரின் தொண்டையைக் கடன் வாங்கப் போனதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஓட்டிஸ் ரெடிங்கைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரகரப்பான சோல் குரலுக்கு அவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1967இல் அவருடைய குரல் நாண்களில் பாலிப் (சிறிய சதை வளர்ச்சி) வந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சில வாரங்கள் பேசவே கூடாது என்று கட்டளை. குரல் திரும்பியதும் மெம்ஃபிஸ் ஸ்டுடியோவில் ஒரு அமைதியான பாட்டைப் பதிவு செய்தார். முந்தைய கத்தலோ கெஞ்சலோ அதில் இல்லை. இது உன் பாணி இல்லையே என்று அவருடைய நிறுவனத்திலேயே சிலர் தயங்கினார்கள். 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 26. அடுத்த ஆண்டு வெளியான அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவருடைய பாடல்களில் அந்த இடத்துக்குப் போனது அது ஒன்றுதான்.

நடுவர் குழு என்றால் தவறாது என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை தோறும் தரக் கட்டுப்பாட்டுக் கூட்டம் நடக்கும். எந்தப் பாட்டு வெளியாக வேண்டும் என்று ஓட்டுப் போடுவார்கள். கையில் ஒரு டாலர்தான் இருக்கிறது, இந்த ரெக்கார்டை வாங்குவீர்களா, சாண்ட்விச் வாங்குவீர்களா என்று நிறுவனர் பெர்ரி கார்டி கேட்பாராம். அப்படித் தேர்ந்த காதுகள் கூடிய குழுதான் பாடகர் மார்வின் கே 1967இல் பாடிய ஒரு பாட்டைத் தள்ளிவைத்தது. பின்னர் அது ஓர் ஆல்பத்துக்குள் வந்தபோது வானொலிக்காரர்கள் தாங்களாகவே போட ஆரம்பித்தார்கள், கேட்டவர்கள் விடவில்லை. 1968 கடைசியில் தனியாக வெளியிட்டார்கள், முதலிடத்தில் ஏழு வாரம் நின்றது. நடுவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதே குழு தேர்ந்தெடுத்து வெற்றி பெற்ற பாடல்கள் ஏராளம். ஆனாலும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு குரலையே மாற்றிக்கொள்வது அதிகம்.

சரி, கரகரப்பு வேண்டவே வேண்டாமா? தேவையானால் பின்னால் கற்கலாம். தேர்ந்த பாடகர்கள் பலர் அதை அசல் குரல் நாண்களில் அழுத்திப் போடுவதில்லை. அவற்றுக்கு மேலே பொய்க் குரல் நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் உண்டு. அவற்றையும் சுற்றியுள்ள திசுக்களையும் லேசாக அதிரவிட்டு, ஒரு சொல்லிலோ அரை வரியிலோ போட்டுவிட்டு உடனே தெளிந்த குரலுக்குத் திரும்பிவிடுவார்கள். வெளியில் ஒலிப்பது போல உள்ளே அடி விழாது. நீங்கள் செய்தது வேறு. நாண்களையே இறுக்கி, பாட்டு முழுக்க, நாள்தோறும் உரசியிருக்கிறீர்கள். முதல் நடுவர் நடத்தும் ஆன்லைன் பயிற்சியில் சேரலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். பரிசோதனை முடிந்து, குரல் தெளிந்த பிறகு யோசியுங்கள். அப்போதும், மாணவருக்குத் தொண்டை வலித்தால் என்ன செய்யச் சொல்வீர்கள் என்று அவரிடம் முதலில் கேளுங்கள். “பழகிவிடும்” என்று பதில் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் கவனிக்காத எட்டு மணி நேரம்

இரவு ஷிஃப்டில் கால் சென்டர் வேலை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோனீர்கள். எனக்கு அது முக்கியம். ஏசி அறையின் வறண்ட காற்றில், சுற்றி இருபது பேர் பேசும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி எட்டு மணி நேரம் பேசிவிட்டு, விடிந்ததும் ஒரு மணி நேரம் பாடிப் பழகுகிறீர்கள். அதன் பிறகு டிபன் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறீர்கள். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையின் பின்பக்கத்தைத் தொடும். எழுந்ததும் குரல் எழும்ப ஒரு மணி நேரம் ஆவதற்கும், அடிக்கடி தொண்டையைச் செருமத் தோன்றுவதற்கும் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். தொண்டையைச் செருமாமல் ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள். ஹெட்செட் இரண்டு காதையும் மூடினால் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, தெரியாமலே கத்துவீர்கள். ஒரு காதைத் திறந்துவைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு சாட், மின்னஞ்சல் பிரிவுக்கு மாற்றித் தரச் சொல்லி மருத்துவச் சான்றோடு அலுவலகத்தில் கேட்பதும் நியாயமான கோரிக்கைதான்.

பனங்கற்கண்டும் மிளகும் அதிமதுரமும் எடுத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். இதமாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் நாம் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். குடிக்கும் தண்ணீர் உடம்பெல்லாம் சுற்றித்தான் அங்கே போய்ச் சேரும், அதனால் மேடையேறும் முன் ஒரு பாட்டில் குடிப்பதைவிட நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது நல்லது. நேராக அங்கே போவது ஆவி மட்டும்தான். வெறும் வெந்நீர் ஆவி போதும், தைலம் வேண்டாம். ஓய்வு கொடுப்பதாக நினைத்துக் கிசுகிசுத்துப் பேசவும் வேண்டாம். அழுத்திக் கிசுகிசுக்கும்போது பலருக்குத் தொண்டைத் தசைகள் இன்னும் இறுகுகின்றன. மெதுவாக, இயல்பான குரலில், குறைவாகப் பேசுங்கள்.

பரிசோதனை, ஆபரேஷன் பயம்

மருத்துவமனைக்குப் போனில் கேட்டு, ஸ்ட்ரோபோஸ்கோபி வசதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு போங்கள். வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ சிறிய கேமராவைச் செலுத்தி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் நாண்களின் அசைவை மெதுவாக ஓடுவதுபோலக் காட்டும் சோதனை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவையில்லை. சாதாரண வெளிச்சத்தில் சரியாகத் தெரியும் நாணில்கூட அதிர்வு விறைத்திருப்பது இதில் பிடிபடும். பாடகர்களுக்கு நான் இதை வலியுறுத்துவது அதனால்தான்.

வெறும் வீக்கம் என்றால் ஓய்வும் பழக்க மாற்றமும் போதும். இரண்டு நாணிலும் எதிரெதிரே முடிச்சு இருந்தால், முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான், கத்தி இல்லை. குரல் பயிற்சியில் அனுபவமுள்ள ஸ்பீச் தெரபிஸ்டிடம் சில வாரங்கள் தொடர்ந்து போக வேண்டும். மெல்லிய ஸ்ட்ராவுக்குள் ஊதியபடி சுரம் பிடிப்பது போன்ற எளிய பயிற்சிகள்தான், ஆனால் ஒழுங்காகச் செய்தால் நல்ல பலன் கிடைக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும் பாலிப்புக்குச் சில நேரம் அறுவை சிகிச்சை தேவைப்படும். நாணில் ரத்தம் கசிந்திருந்தால் பேச்சையே முழுதாக நிறுத்தச் சொல்வோம்.

ஆபரேஷன் பயம் ஆதாரமில்லாதது என்று சொல்ல மாட்டேன். நடிகையும் பாடகியுமான ஜூலி ஆண்ட்ரூஸ் 1997இல் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய பாடும் குரல் திரும்பவில்லை. பாடகி அடெல் 2011 நவம்பரில் பாஸ்டனில் குரல் நாண் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2012 பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடி, அன்றே ஆறு விருதுகளையும் வாங்கினார். இரண்டும் நடந்தவைதான். உங்களுக்கு அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் அங்கேயே தலையாட்டிவிடாமல் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள், அது உங்கள் உரிமை. சோதனையின் வீடியோவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகள் சொல்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த வீடியோ மிகவும் உதவும்.

நடுவில் திடீரென்று குரல் முழுதாகப் போனாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நாண்களைப் பார்க்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், ரத்தக் கசிவை அவை அதிகமாக்கலாம். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மருந்து ஏதாவது இருந்தால் அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தோழி சொன்ன ஊசி

ஸ்டீராய்டு வீக்கத்தை வேகமாகக் குறைக்கும் என்பது உண்மை. மேடைக்கு முன் நாங்களும் சிலருக்குக் கொடுப்பதுண்டு. ஆனால் நாண்களை நேரில் பார்த்து, ரத்தக் கசிவோ கிழிசலோ இல்லை என்று உறுதியான பிறகுதான். பார்க்காமல் போட்டால், காயம் அப்படியே இருக்க வலியும் தடையும் மட்டும் மறைந்துவிடும். குரல் சரியாகிவிட்டதென்று நம்பி, அன்றைக்கு முழு பலத்தோடு பாடுவீர்கள். ஒரு சின்ன ரத்தக்குழாய் உடைய அந்த ஒரு இரவு போதும். தெருமுனை கிளினிக்கில் கேட்டவுடன் ஊசி போட்டுவிடுவார்கள் என்பது தெரியும். தயவுசெய்து போட்டுக்கொள்ளாதீர்கள்.

இறுதிச் சுற்று

போவதா, விலகுவதா என்பதைச் சோதனை முடிந்த அன்று முடிவு செய்யலாம். வீக்கம் மட்டும் என்றால், மூன்று வாரத்தில் பாடும் நிலைக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. முடிச்சு என்று தெரிந்தாலும், தெரபிஸ்டின் கண்காணிப்பில், அடக்கமான பாடல்களோடு மேடையேறுபவர்கள் உண்டு. ரத்தக் கசிவு என்றால் பாடக்கூடாது, அதில் பேரமே கிடையாது.

பாட முடியும் என்று வந்தால் ஏற்பாட்டாளர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். மூன்றாவது பாடலை இரண்டு மூன்று கட்டை இறக்கிப் பாடலாமா? முடியாதென்றால் அதற்குப் பதில் வேறு பாட்டு வைக்கலாமா? உங்களுக்கென்ன நோய் என்று நடுவர்களுக்கு விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. மருத்துவக் காரணத்தால் சுருதி குறைக்க வேண்டும் என்று சான்றில் ஒரு வரி இருந்தால் போதும். முதல் பாடலைக் கடைசியில் வையுங்கள். களைத்த குரலாலும் அதைத் தாங்க முடியும், அது உங்கள் இயல்பான இடத்தில் இருக்கிறது. முதல் நடுவர் மறுபடி கரகரப்பு இல்லை என்று சொல்லலாம். சொல்லட்டும். அதற்காக ஒரு மதிப்பெண் குறைந்தாலும் நஷ்டமில்லை.

விலக வேண்டி வந்தால், அடுத்த ஆண்டுக்கு இடத்தை ஒத்திவைக்க முடியுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது பாடலின் புதிய பதிவை நீக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு அதில் கை வைக்க வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது அதன் பழைய பதிவையும் புதிய பதிவையும் போனில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமும் தெரபிஸ்டிடமும் போட்டுக் காட்டுங்கள். எந்தச் சுரத்தில் குரல் மாறத் தொடங்கியது என்பதை அவர்கள் அதிலிருந்தே பிடித்துவிடுவார்கள். “தொண்டை சரியில்லையா” என்று கேட்டவருக்கு இன்னும் பதில் போடவில்லை என்றீர்கள். சோதனை முடிந்ததும் அவருக்கு ஒரு நன்றி எழுதுங்கள்.